கான்ராட் ஃபைட்: கேள்வி பதில்

கேள்வி: காசாபிளாங்காவில் ஜெர்மன் மேஜராக வருபவர்தான் 'டாக்டர் காலிகரி'யில் தூக்கத்தில் நடப்பவராகவும் நடித்தார் என்கிறார்கள். நிஜமா சார்?

பதில்: ஆமாம், ஒரே ஆள்தான், ஜெர்மன் நடிகர் கான்ராட் ஃபைட். 1893 ஜனவரி 22 அன்று பெர்லினில் பிறந்தவர். மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் கம்பெனியில் துண்டு வேடங்களில் தொடங்கினார். முதல் உலகப் போரில் கிழக்கு முனைக்குப் போனார். அங்கே மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் தாக்கவே, போர்முனை நாடகக் குழுவுக்கு மாறினார். 1917இல் பெர்லின் திரும்பியதும் சினிமா. காலிகரி வெளியானது 1920 பிப்ரவரியில், காசாபிளாங்கா 1942 நவம்பரில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், வசனமே இல்லாத காலத்தில் பழகிய உடம்பு பேசும் படத்தில் எவ்வளவு கைகொடுத்திருக்கிறது என்று புரியும்.

கேள்வி: காலிகரியை இணையத்தில் பார்த்தேன். எல்லாரும் ஓட்டமாக ஓடுகிறார்கள், ஒரு மணி நேரத்துக்குள் படமே முடிந்துவிட்டது. இதையா இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: நீங்கள் பார்த்த பிரதியில்தான் கோளாறு. ஊமைப் படங்களை வினாடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கவில்லை. காலிகரியை ஏறத்தாழ 18 பிரேமில் ஓட்டினால்தான் சரியாக வரும். அப்போது 77 நிமிடம். அதையே 24இல் ஓட்டினால் 58 நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். ஃபைட்டின் நடிப்பே மெதுவில்தான் இருக்கிறது என்பதால் அவருக்குத்தான் நட்டம் அதிகம். 2014இல், பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை புதுப்பித்த 4கே பிரதியைத் தேடுங்கள். கேமரா நெகட்டிவிலிருந்தே எடுத்தது. நெகட்டிவில் முதல் ரீல் இல்லாததால் அந்தப் பகுதியை மட்டும் பழைய பிரிண்டுகளிலிருந்து சேர்த்தார்கள். படம் முழுக்க கறுப்பு வெள்ளையாக இருந்தால் அது இந்தப் பிரதி இல்லை. இதில் காட்சிக்கேற்ற வண்ணச் சாயம் இருக்கும்.

கிடைத்ததும் இரண்டு இடங்களை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஒன்று, பெட்டிக்குள் நிற்கும் செசாரே, அதாவது ஃபைட் நடித்த அந்தத் தூக்கத்தில் நடப்பவர், கண் திறக்கும் குளோசப். முதலில் முகத்தில் ஒரு சின்ன நடுக்கம், அப்புறம் இமை, கடைசியில்தான் விழி முழுசாக விரிகிறது. இன்னொன்று, நாயகி ஜேனின் வீட்டுக்குச் சுவரை ஒட்டியே நகர்ந்து போகும் இடம். அந்த செட் முழுக்கத் துணியில் தீட்டிய கோணல்மாணல் ஓவியம். மற்ற நடிகர்கள் அதன் முன்னால் நிற்கிறார்கள், ஃபைட் மட்டும் கையையும் தோளையும் அந்தக் கோடுகளின் சாய்வுக்கே வளைத்து அதற்குள் போய்விடுகிறார்.

கேள்வி: இந்தியக் கதை ஒன்றிலும் நடித்தாராமே?

பதில்: 'தி இந்தியன் டூம்' (இந்தியக் கல்லறை), 1921, ஜோ மே இயக்கம், இரண்டு பாகம். ஃபைட் மகாராஜா அயன். திரைக்கதையை ஃபிரிட்ஸ் லாங்கும் தியா ஃபான் ஹார்பவும் எழுதினார்கள். கோயில், அரண்மனை எல்லாம் பெர்லினுக்குப் பக்கத்தில் வோல்டர்ஸ்டார்ஃபில் போட்ட செட். காட்டும் இந்தியா முழுக்கக் கற்பனைதான். ஆனால் துரோகத்தில் வெந்த ராஜாவை அவர் கத்தாமல், கிட்டத்தட்ட அசையாமலே நடித்திருப்பதற்காகப் பார்க்கலாம்.

கேள்வி: பேட்மேன் கதையில் வரும் வில்லன் ஜோக்கரின் சிரிப்பு இவரிடமிருந்து வந்தது என்பது உண்மையா அண்ணா? அந்த வாயை எப்படிச் செய்தார்கள்?

பதில்: 1928இல் யுனிவர்சல் எடுத்த 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' படம் தம்பி. இயக்கம் பால் லெனி, மேக்கப் ஜாக் பியர்ஸ். கண்டதைப் பூசிச் செய்த சிரிப்பு இல்லை அது. வாய்க்குள் பல்செட் மாதிரி ஒரு தகடு, அதில் கொக்கிகள், அவை உதட்டின் இரண்டு ஓரங்களையும் பின்னுக்கு இழுத்துப் பிடித்தன. மாட்டிக்கொண்டால் பேச முடியாது. ஊமைப் படம் என்பதால்தான் அது சாத்தியமானது. முகத்தின் கீழ்ப்பாதி பூட்டிக் கிடக்கிறது, அழுகையும் வெட்கமும் கண், புருவம், நெற்றி வழியாகத்தான் வந்தாக வேண்டும். வாயைத் துணியால் மூடிக்கொள்ளும் காட்சிகளில் கண்ணை மட்டும் கவனியுங்கள். அதே படத்தில் தகடு இல்லாமல் நாயகனின் அப்பாவாகவும் வருகிறார், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

1940இல் பேட்மேன் காமிக்ஸுக்காக ஜோக்கரை உருவாக்கியபோது கதாசிரியர் பில் ஃபிங்கர் இந்தப் படத்தின் ஸ்டில் ஒன்றைக் கொண்டுவந்தார் என்பது ஓவியர் பாப் கேன் சொன்னது. கூட வேலை செய்த ஓவியர் ஜெர்ரி ராபின்சன் தன் சீட்டுக்கட்டு ஜோக்கர்தான் முதலில் என்றார். யார் முந்தி என்பதில் சண்டை உண்டு, முகம் ஃபைட்டுடையது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

கேள்வி: ஹாலிவுட்டில் பேர் எடுத்தவர் ஏன் ஜெர்மனிக்குத் திரும்பினார்?

பதில்: பேசும் படம் வந்துவிட்டது, ஆங்கிலம் அப்போது அவருக்குக் கைவரவில்லை. 1929இல் திரும்பினார்.

கேள்வி: அவர் யூதரா? சில இடங்களில் அப்படிப் போட்டிருக்கிறது.

பதில்: இல்லை. 1933இல் அவர் மணந்த இலோனா பிராகர்தான் யூதப் பெண். நாஜி ஆட்சியில் இனத்தைக் கேட்ட படிவத்தில் 'யூதர்' என்று இவரே எழுதிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அதே வருடம் இருவரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஜூ ஸூஸ்' என்று தேடினால் இரண்டு படம் வரும். 1934இல் லண்டனில் லோதர் மெண்டிஸ் எடுத்தது யூதர்கள் பட்ட கொடுமையைச் சொல்வது, ஃபைட் நடித்தது. 1940இல் ஃபைட் ஹார்லன் என்ற வேறொரு இயக்குநர் எடுத்தது நாஜிகளின் விஷப் பிரச்சாரம். அந்த இயக்குநரின் முதல் பெயரும் நம் நடிகரின் பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், அது நம் ஆளுக்குச் செய்யும் பெரிய அநியாயம். அந்த 1940 படத்தில் பல வேடங்களில் நடித்தவர் வெர்னர் கிராஸ், அதாவது காலிகரியில் டாக்டராக வந்து செசாரேவை ஆட்டிவைத்தவர்.

கேள்வி: நாஜிகளை விட்டு ஓடிவந்தவர் நாஜி வேடமே போட்டது வேதனை இல்லையா?

பதில்: தெரிந்தேதான் போட்டார். நாஜி என்றால் வில்லனாக மட்டுமே வருவேன் என்பது அவர் வைத்த நிபந்தனை. காசாபிளாங்காவில் அந்த ஜெர்மன் மேஜர் ஸ்ட்ராசரை அவர் உறுமவிடவில்லை. நல்ல பழக்கவழக்கம் தெரிந்த அதிகாரியாக, புன்னகையோடு, தாழ்ந்த குரலில் மிரட்டுகிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது. 'நாஜி ஏஜென்ட்' (1942) படத்தில் இரட்டையர் வேடம், ஒருவன் நாஜி, மற்றவன் எதிர்ப்பவன். நிற்கும் விதத்திலேயே இருவரையும் பிரித்துக் காட்டுவார். 1943 ஏப்ரல் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ஃப் ஆடும்போது மாரடைப்பு. வயது 50.

கேள்வி: எந்த வரிசையில் பார்க்கலாம்? வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பதில்: குழந்தைகளோடு என்றால் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940). மந்திரவாதி ஜாஃபர் இவர், திருட்டுப் பையன் மைசூர் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு. அப்புறம் காசாபிளாங்கா, 'தி மேன் ஹூ லாஃப்ஸ்', காலிகரி. 1919இல் வந்த 'டிஃபரண்ட் ஃப்ரம் தி அதர்ஸ்' கடைசியில் இருக்கட்டும். ஆண்கள் ஒருவரையொருவர் காதலிப்பதைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை எதிர்த்து எடுத்த படம், அடுத்த வருடமே தடை. துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. நடுவில் ஸ்டில்லும் விளக்க அட்டையும் வந்தால் பிரதி கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், தொலைந்த காட்சிகளை அப்படித்தான் நிரப்பியிருக்கிறார்கள்.