பிரவுசரை மாற்றுவது எப்படி, மாற்றியது நிலைக்க என்ன வழி: வாசகர் கேள்வி-பதில்

பிரவுசர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பதால், அதே உச்சரிப்பில் தந்திருக்கிறேன்.

கேள்வி: புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸைப் போட்டு டிஃபால்ட் ஆக்கிவிட்டேன். ஆனாலும் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் எட்ஜ் வருகிறது. டாஸ்க்பாரில் எதையாவது தேடினாலும் எட்ஜ்தான். நான் எதையாவது விட்டுவிட்டேனா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

நீங்கள் செய்தது சரிதான். விண்டோஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' (இணைப்புகளைத் தானாகத் திறக்கும் பிரவுசர்) என்று ஒற்றை சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு இணைப்பு வகைக்கும், கோப்பு வகைக்கும் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்று தனித்தனியே பதிவு இருக்கிறது. இணைய முகவரிகளின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிக்கு ஒன்று, எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒன்று, எச்டிஎம்எல் கோப்புக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது இவை ஒவ்வொன்றையும் நாமே தேடிப்போய் மாற்ற வேண்டியிருந்தது. கண்டனம் கிளம்பிய பிறகு, 2022 மார்ச் அப்டேட்டில்தான் 'செட் டிஃபால்ட்' என்ற ஒரே பொத்தான் வந்தது. அந்தப் பொத்தான் இணையப் பக்கங்களுக்கான வகைகளை மாற்றும். பிடிஎஃப்பை நீங்கள்தான் தனியாக மாற்ற வேண்டும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ். பட்டியலில் ஃபயர்பாக்ஸைச் சொடுக்குங்கள். வரும் பக்கத்தின் மேலே 'செட் டிஃபால்ட்' பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கீழே இறங்கினால் பிடிஎஃப்புக்கான வரி தெரியும். அதில் எட்ஜ் என்று இருப்பதை மாற்றுங்கள்.

டாஸ்க்பார் தேடல் வேறு கதை. அங்கேயும் விட்ஜெட் பலகையிலும் வரும் இணைப்புகள் வழக்கமான எச்டிடிபி வகையைச் சேர்ந்தவை அல்ல. எட்ஜை மட்டுமே அழைக்கும்படி மைக்ரோசாஃப்ட் தனி வகையாக உருவாக்கியவை. அவற்றை மற்ற பிரவுசருக்குத் திருப்பிவிட 'எட்ஜ்டிஃப்ளெக்டர்' என்ற சிறு மென்பொருள் இருந்தது. 2021 இறுதியில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்தபிறகு அங்குள்ளவர்களுக்கு இந்த இணைப்புகளும் அவரவர் டிஃபால்ட் பிரவுசரிலேயே திறக்கும்படி ஆக்கினார்கள். தொழில்நுட்பத்தில் தடை ஏதும் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் ஊர்ப் பயனருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இப்போதைக்கு இணையத் தேடலை டாஸ்க்பாரில் செய்யாமல் பிரவுசரைத் திறந்து செய்வதுதான் வழி.

அவுட்லுக்கில் வரும் இணைப்புகளும் எட்ஜுக்குப் போனால் அது தனி அமைப்பு. அவுட்லுக்கின் ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அங்கே 'லிங்க் ஹேண்ட்லிங்' என்ற பகுதியில் 'டிஃபால்ட் பிரவுசர்' என்று தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட் ஆகும்போதெல்லாம் என் குரோம் போய் எட்ஜ் டிஃபால்ட் ஆகிவிடுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் 'வைரஸ் இருக்கும், ஃபார்மட் பண்ணணும்' என்கிறார். (மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்)

ஃபார்மட் வேண்டாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழும்போது, நீலப் பின்னணியில் 'உங்கள் சாதன அமைப்பை முடித்துக்கொள்ளுங்கள்' என்கிற பொருளில் ஒரு முழுத்திரை வருகிறதா என்று கவனியுங்கள். அதில் 'பரிந்துரைக்கப்பட்ட பிரவுசர் அமைப்பு' ஏற்கெனவே தேர்வாகி இருக்கும். வேலை அவசரத்தில் அடுத்தது, அடுத்தது என்று தட்டினால் நீங்களே சம்மதித்ததாக ஆகிவிடும். அதற்குக் கீழேயே 'டோன்ட் அப்டேட் யுவர் பிரவுசர் செட்டிங்ஸ்' என்ற வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 'ஆன் ஆப் டிஃபால்ட் வாஸ் ரீசெட்' என்று மூலையில் அறிவிப்பு வந்ததா? விண்டோஸ் 8 முதல், நீங்கள் தேர்ந்தெடுத்த டிஃபால்ட்டோடு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் விண்டோஸ் சேர்த்தே பதிந்து வைக்கிறது. தீங்கு மென்பொருள்கள் உங்களுக்குத் தெரியாமல் பிரவுசரை மாற்றுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஏதோ ஒரு மென்பொருள் பின்வாசல் வழியாக அந்தப் பதிவை மாற்றப் பார்த்தால் குறியீடு பொருந்தாமல் போகும். உடனே விண்டோஸ் பழையபடி எட்ஜுக்குத் திரும்பும். 'கிளீனர்', 'பூஸ்டர்' வகை மென்பொருள் ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே மறுபடி குரோமைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் வேலை செய்யாமல் போனதால் ஃபயர்பாக்ஸுக்கு மாற நினைக்கிறேன். பயமெல்லாம் பாஸ்வேர்டுகள் பற்றித்தான். அப்பா, அம்மா கணக்குகளும் என் குரோமில்தான் இருக்கின்றன. ஏதாவது தொலைந்துவிடுமா? (மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்)

ஒழுங்காகச் செய்தால் எதுவும் தொலையாது. உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இதே காரணத்துக்காக மாறுகிறார்கள். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய முறைக்கு மாற்றி, பழைய முறையில் எழுதப்பட்டவற்றை 2024, 2025-இல் படிப்படியாக முடக்கியது. ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் தொடர்ந்து அனுமதிக்கிறது. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே குரோமின் அதே குரோமியம் அடித்தளத்தில் எழுந்தவை. அதனால் இந்தக் காரணத்துக்காக மாறுகிறவர்களுக்கு ஃபயர்பாக்ஸ்தான் தெளிவான தேர்வு.

புக்மார்க்கும் ஹிஸ்டரியும் எளிது. ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'இம்போர்ட் டேட்டா' இருக்கிறது. குரோமைக் காட்டினால் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் குரோமின் புக்மார்க் மேனேஜரிலிருந்து எச்டிஎம்எல் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நெட்ஸ்கேப் காலத்து வடிவம் அது. இன்றைக்கும் எந்த பிரவுசரும் அதைப் படிக்கும்.

பாஸ்வேர்டுக்குக் கோப்பு வழியே நம்பகமானது. குரோமில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் மெனுவுக்குள் பாஸ்வேர்ட்ஸ் பக்கம் போய், மூன்று புள்ளியை அழுத்தி, 'இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்' கொடுங்கள்.

இங்கேதான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த சிஎஸ்வி கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டே இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அப்பாவின் வங்கிக் கணக்கு, அம்மாவின் மின்னஞ்சல் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள், கூகுள் டிரைவில் போடாதீர்கள், பென் டிரைவில் வைக்காதீர்கள். பிரவுசிங் சென்டரிலோ அலுவலகக் கணினியிலோ இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு ஒத்திசைகிறதா என்றும் பாருங்கள். இம்போர்ட் முடிந்து இரண்டு மூன்று கணக்குகளில் நுழைந்து பார்த்ததும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட் கொடுங்கள். அப்போதுதான் ரீசைக்கிள் பின்னிலும் தங்காது.

மாறியதும் ஃபயர்பாக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு' ஒன்றை வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கணினியில் வந்து உட்காரும் யாரும் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்க முடியும்.

கூடவே வராதவையும் உண்டு. எக்ஸ்டென்ஷன்களைப் புதிதாகப் போட வேண்டும். எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும், அப்போது ஓடிபி கேட்கும். அப்பா, அம்மாவின் போன்கள் பக்கத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். குரோமை உடனே நீக்காதீர்கள். ஒரு மாதமாவது இருக்கட்டும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகை, திரைப்பூட்டு போன்றவற்றால் நுழையும் முறை) பயன்படுத்தும் கணக்கு இருந்தால் அது சிஎஸ்வியில் வராது. அதற்குப் புதிய பாஸ்கீ உருவாக்கிக்கொள்ளும் வரை பழையதை விடக்கூடாது.

கேள்வி: குரோமைத் திறந்தால் நான் வைக்காத ஏதோ தேடல் பக்கம் வருகிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், அப்போதும் அதே. மெனுவில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்கிறது. இது என் வீட்டுக் கணினி, எந்த நிறுவனமும் கிடையாது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

வேண்டாத மென்பொருள் ஒன்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக குரோமில் 'பாலிசி' என்ற வசதி இருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் அதைப் பயன்படுத்துவதால் அந்த வாசகம் தெரிந்தாலே கேடு என்று சொல்ல முடியாது. ஆனால் தேடல் பக்கமும் மாறியிருக்கிறதே, அதுதான் சந்தேகத்தை உறுதி செய்கிறது.

மறு நிறுவலால் பயனில்லாமல் போனதற்குக் காரணம், குரோமை நீக்கினாலும் உங்கள் அமைப்புகளையும் தரவுகளையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர் பொதுவாக அப்படியே இருக்கும் என்பதுதான். அது போனாலும் கூகுள் கணக்கின் சிங்க் பழைய எக்ஸ்டென்ஷன்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். பாலிசியோ விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருக்கிறது, குரோமுக்குள் அல்ல.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் செட்டிங்ஸ், ஆப்ஸ் பட்டியலில் தெரியாத மென்பொருள் எதுவோ, அதை நீக்குங்கள். நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் சமீபத்தில் வந்தவை மேலே நிற்கும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். அதன்பின் குரோமின் எக்ஸ்டென்ஷன்களைப் பார்த்து, நீங்கள் போடாதவற்றை எடுத்துவிடுங்கள். கடைசியாக குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு போகாது. தொடக்கப் பக்கம், தேடல் எஞ்சின் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன்கள் முடங்கும், குக்கீகள் அழியும். அதன்பிறகும் அந்த வாசகம் போகவில்லை என்றால் ரிஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். அதை விஷயம் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள் ஐயா. அதுவரை அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும். பழைய தரவுகளை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகவும் வைத்துவிடும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் டிஃபால்ட்டை மாற்றியும் சில செயலிகளில் இணைப்பு உள்ளேயே திறக்கிறது. (சென்னை)

செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். போன் நிறுவனத்துக்கு ஏற்பப் பெயர்கள் சற்று மாறும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை தங்களுக்குள்ளேயே ஒரு சிறு பிரவுசரை வைத்திருக்கின்றன. அங்கே திறந்த பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில், வெளிப் பிரவுசரில் திறக்கும் வாய்ப்பு இருக்கும். பாஸ்வேர்டு தட்டவேண்டிய எந்தப் பக்கத்தையும் அப்படி வெளியே எடுத்துத் திறங்கள்.

கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததைக் குறிப்பிட்டு, 'புது போனில் தேர்வுத் திரை வரும் என்றார்களே' என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் கூகுள் இந்தியாவுக்கு அறிவித்தது தேடல் எஞ்சினுக்கான தேர்வுத் திரை. பிரவுசரை நீங்களேதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐபோனில் குரோம் போட்டால் சஃபாரியைவிட வேகமா? டிஃபால்ட் ஆக்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

ஆக்கலாம். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் முடியும். செட்டிங்ஸில் குரோம் பெயரைத் தொட்டு 'டிஃபால்ட் பிரவுசர் ஆப்' என்பதில் மாற்றுங்கள். ஐஓஎஸ் 18-இல் அது 'ஆப்ஸ்' என்ற பகுதிக்குள் போய்விட்டது. வேகத்துக்காக மாற வேண்டாம். நம் பகுதிகளில் ஐபோனில் ஓடும் எல்லாப் பிரவுசரும் உள்ளே, பக்கங்களைத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடுகின்றன; சஃபாரியும் அதில்தான். கணினியிலும் குரோம் வைத்திருந்து, புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் மாறுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பழைய தளம் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்கிறது. எங்கே போய் டவுன்லோட் செய்வது? (தணிக்கையாளர் அலுவலக ஊழியர், மதுரை)

எங்கேயும் வேண்டாம். எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. வேறு தளங்களில் கிடைப்பதாகச் சொல்லும் கோப்புகளைத் தொடாதீர்கள். எட்ஜுக்குள்ளேயே பழைய எக்ஸ்ப்ளோரர் போலத் தளங்களைத் திறக்கும் 'ஐஇ மோட்' இருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில், ஐஇ மோடில் மறுபடி திறக்க 'அலவ்' கொடுத்து, அந்தத் தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேருங்கள். 30 நாள் வரை நினைவில் இருக்கும், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். குறைந்தது 2029 வரை இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதற்காக எட்ஜை டிஃபால்ட் ஆக்கத் தேவையில்லை. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும்.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 7 கணினி. குரோம் அப்டேட் ஆக மறுக்கிறது. (சேலம்)

விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி. 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தங்கள் தரப்படும் பதிப்பு) வரிசை வரைதான் ஓடும். பழைய பிரவுசரைவிட அது மேல். ஆனால் அடியில் இருக்கும் விண்டோஸுக்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அதிலேயே ஃபயர்பாக்ஸ் நடப்புப் பதிப்பாக வரும்.

கேள்வி: குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு வந்ததும் தமிழ் எழுத்துகள் வேறு மாதிரி, சின்னதாகத் தெரிகின்றன. கண்ணை உறுத்துகிறது. (சிங்கப்பூர்)

இதை ஃபயர்பாக்ஸில் நன்றாகவே சரிசெய்யலாம், குரோமைவிட நன்றாக. செட்டிங்ஸில் ஜெனரல், அதில் ஃபான்ட்ஸ், பக்கத்தில் 'அட்வான்ஸ்டு'. மேலே உள்ள பட்டியலில் 'தமிழ்' என்று மொழியைத் தேர்ந்தெடுங்கள். இனி செய்யும் மாற்றம் தமிழுக்கு மட்டும் பொருந்தும், ஆங்கிலம் அப்படியே இருக்கும். நிர்மலா யூஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் என எது கணினியில் இருக்கிறதோ, அதை வைத்து அளவை 18 அல்லது 20 ஆக்குங்கள். அங்கேயே 'மினிமம் ஃபான்ட் சைஸ்' 16 என்று கொடுத்தால், பொடி எழுத்தில் அச்சடிக்கும் செய்தித் தளங்களும் படிக்கும்படி ஆகும். தளம் தன் சொந்த எழுத்துருவைத் திணித்தால், அதே பெட்டியின் அடியில் உள்ள 'அலவ் பேஜஸ் டு சூஸ் தேர் ஓன் ஃபான்ட்ஸ்' என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில தளங்களில் ஐகான்கள் கட்டங்களாக மாறும். அது பொறுக்கவில்லை என்றால் குறியைத் திரும்பப் போட்டுவிடலாம்.