யார் அனுப்பிய பிரதிநிதி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். அடால்ஃப் ரீட் என்ற கறுப்பின மார்க்சியப் பேராசிரியரை அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பின் நியூயார்க் கிளை 2020இல் பேச அழைத்துவிட்டு, பிறகு தடை செய்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இனத்தை விட்டுவிட்டு வர்க்கத்தை மட்டும் பேசுகிறவர் என்பதுதான் குற்றச்சாட்டாம். இன்னொருவர் கறுப்பினத் தத்துவப் பேராசிரியர் கார்னல் வெஸ்டுக்கும் கறுப்பின எழுத்தாளர் டா-நஹாசி கோட்ஸுக்கும் நடந்த சண்டையை இழுத்தார். எனக்கு மூன்று சந்தேகங்கள். ரீட் உண்மையில் என்ன சொல்கிறார்? அடிமைமுறைக்கும் இனப் பாகுபாட்டுக்கும் ஈடாகக் கறுப்பர்களுக்குக் கோட்ஸ் கேட்கும் இழப்பீடு இடதுசாரிக் கோரிக்கையா இல்லையா? சுற்றிச் சுற்றி இது நம்மூர் 'சாதியா வர்க்கமா' விவாதம்தானே?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

மூன்றாவது கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது அங்கேதான்.

கூட்டத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. கொரோனாக் காலம், எல்லாமே இணையவழிக் கூட்டம். கொரோனாச் சாவுகளை இனவாரி ஏற்றத்தாழ்வாக மட்டும் பேசினால் எல்லா இனத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கட்டும் வேலை கெடும் என்பதே ரீட் பேசவிருந்த பொருள். அமைப்புக்குள் இருந்த கறுப்பின, பிற நிறத்தவர் குழு கொதித்தது. கறுப்பர்கள் கூடுதலாகச் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதற்கு மேடையா, குறைந்தபட்சம் எதிர்த்தரப்பும் பேசும் விவாதமாக மாற்றுங்கள் என்றது. இழுபறிக்குப் பிறகு ரீடும் அமைப்பாளர்களும் சேர்ந்தே கைவிட்டார்கள். தடை என்பது மிகை. ஆனால் 1960களின் கடைசியிலேயே ஏழைக் கறுப்பர்களையும் போரை எதிர்த்த சிப்பாய்களையும் திரட்டிய ஒருவரைப் பேசவே விடாமல் எடைபோட்டார்களே, அது சிறுபிள்ளைத்தனம். அப்போது அவருக்காக வாதாடியவர்களில் கார்னல் வெஸ்டும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ரீட் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது 2020 மே மாதம் மெர்லின் சௌக்வான்யுனோடு சேர்ந்து அவர் ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதிய குறுங்கட்டுரையில் தெளிவாக இருக்கிறது. இனவாரிக் கணக்கே வேண்டாம் என்று அதில் எங்கேயும் இல்லை. அதோடு வருமானம், தொழில், வசிக்கும் இடம் இவற்றின் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள் என்றுதான் இருக்கிறது. காரணம் எளிது. 'கறுப்பர்கள் இத்தனை மடங்கு அதிகம்' என்ற ஒற்றை எண் வெளியே வந்தால், 'ஏன்' என்ற இடம் காலியாக நிற்கும். படிப்பவர் அதைத் தன் மனதில் ஏற்கனவே இருப்பதை வைத்து நிரப்புவார். ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, சாப்பாடு சரியில்லை, ஒழுக்கமில்லை. பேருந்து ஓட்டியவர், இறைச்சி ஆலையில் தோளோடு தோள் இடித்து நின்றவர், சம்பளத்தோடு விடுப்பு இல்லாதவர், ஒரே அறையில் நால்வர் படுக்கும் வீடு, இதெல்லாம் அந்த எண்ணுக்குள் தெரியாது.

இங்கே ரீட் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் சறுக்கும் இடமும் இருக்கிறது. அதற்கு ஒரு வீட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதி. 1961இல் ஒரு கறுப்பினக் குடும்பத் தலைவர் 27,500 டாலருக்கு வீடு வாங்குகிறார். விற்ற இடைத்தரகர் ஆறு மாதம் முன்பு அதே வீட்டை வாங்கிய விலை 12,000. கோட்ஸ் 2014இல் எழுதிய இழப்பீட்டுக் கட்டுரையில் வரும் கணக்கு இது. இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து யாராவது வாங்குவார்களா? வங்கிக் கடன் கிடைத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். 1934இல் அரசு தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. ஆனால் கறுப்பர்கள் வாழும் பகுதிகளை ஆபத்தான பகுதி என்று ஒதுக்கிவைத்தது. உத்தரவாதம் இல்லாத இடத்தில் வங்கி கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் 'ஒப்பந்த விற்பனை'. முன்பணம் கொடுக்க வேண்டும், மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். பத்திரம் மட்டும் கடைசித் தவணை முடியும்வரை விற்றவர் பேரிலேயே இருக்கும். ஓட்டை உடைசல் சரிசெய்வது வாங்கியவர் பொறுப்பு. நடுவில் ஒரே ஒரு தவணை தவறினால் போதும், முன்பணம், கட்டிய தவணை, வீடு மூன்றும் போச்சு. தரகர் அடுத்த குடும்பத்துக்கு அதே வீட்டை அதே முறையில் விற்பார். சொந்த வீட்டுக்காரனின் செலவு, வாடகைக்காரனின் உரிமை. சிகாகோவில் மட்டும் இப்படிப் பறிபோனது 300 முதல் 400 கோடி டாலர் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1968இல் அந்த மக்களே சங்கம் கட்டி, தவணை கட்ட மாட்டோம் என்று நிறுத்திப் பார்த்தார்கள். சிலர் தெருவுக்கு வந்தார்கள், பலருக்கு ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது.

இந்தக் குடும்பத் தலைவர் தொழிலாளி. சுரண்டியவர் வியாபாரி. வர்க்கச் சண்டை என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அவரைத் தப்பிக்க வழியில்லாத வாடிக்கையாளராக ஆக்கியது இனத்தை வைத்து எழுதிய அரசு விதி. அதே சம்பளம் வாங்கிய வெள்ளைத் தொழிலாளி அரசு உத்தரவாதக் கடனோடு புறநகருக்குப் போனார். வர்க்கம் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அள்ளப் பார்த்தால் இந்த விதி கைநழுவிப் போகும். கோட்ஸ் இயங்குமுறையைக் காட்டும் வரைக்கும் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைவிட்டு வெள்ளை ஆதிக்கத்தை மழை, வெயில் போன்ற இயற்கைச் சக்தியாக எழுதும் பக்கங்களில்தான் அவர் பலவீனமாகிறார்.

அந்தப் பலவீனத்தைத்தான் 2017 டிசம்பரில் வெஸ்ட் பிடித்தார். வால் ஸ்ட்ரீட், அமெரிக்க ராணுவம், கறுப்பர்களுக்குள்ளேயே இருக்கும் வர்க்கப் பிளவு எதுவும் கோட்ஸின் படத்தில் இல்லை, அவர் நவதாராளவாதத்தின், அதாவது சந்தைக்கே எல்லாவற்றையும் விடும் அரசியலின், முகம் என்று எழுதினார். கோட்ஸ் ட்விட்டரை விட்டே போய்விட்டார். வெஸ்டின் குற்றச்சாட்டில் பாதி நிற்கும். ஆனால் 1995இல் ரீட் இதே மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அடி வாங்கியவர்களில் முக்கியமானவர் வெஸ்ட்!

ரீட் அன்று சொன்னது இன்றைக்கும் செல்லும். கறுப்பினப் 'பொது அறிவுஜீவி' என்பவர் கறுப்பர்களை வெள்ளை வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஆள். பல்கலைக்கழகமும் பதிப்பகமும் தொலைக்காட்சியும் கொடுத்த நாற்காலி அது. எந்தக் கறுப்பின அமைப்பும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை, தப்பாகப் பேசினால் திரும்ப அழைக்கவும் முடியாது. இந்த வேலையின் மூதாதை புக்கர் டி. வாஷிங்டன் என்பது ரீடின் கணிப்பு. அரசியல் உரிமையை இப்போது கேட்க மாட்டோம், தொழிற்கல்வி கொடுங்கள் போதும் என்ற தொனியில் 1895இல் அட்லாண்டாவில் பேசியவர். அதன்பின் கறுப்பர் பள்ளிக்கு எந்த வெள்ளைக் கொடையாளர் பணம் கொடுக்கலாம் என்பதில் அவர் சொல்லே செல்லும் என்றானது.

இதற்கு நேர் எதிரான மாதிரி ஏ. பிலிப் ராண்டால்ஃப். 1925இல் புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்களுக்குச் சங்கம் கட்டினார். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் ஆட்கள் என்பதால் எல்லோருமே 'ஜார்ஜ்'தான். கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 12 வருடம் பிடித்தது. 1937இல் மாத வேலைநேரம் 400 மணியிலிருந்து 240ஆகக் குறைந்தது. நான்கு வருடம் கழித்து அதே ராண்டால்ஃப் லட்சம் கறுப்பர்களோடு வாஷிங்டனுக்கு வருவேன் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டை மிரட்டினார். 1941 ஜூன் 25 அன்று, பாதுகாப்புத் தளவாடத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணை 8802 வந்தது. அவர் பின்னால் சந்தா கட்டும் உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பது ரூஸ்வெல்ட்டுக்குத் தெரியும். 1963 வாஷிங்டன் பேரணியின் பெயரிலேயே 'வேலைக்கும் விடுதலைக்கும்' என்று இருந்ததும், அதன் கோரிக்கைகளில் மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி இருந்ததும் இந்த வழியில் வந்ததுதான். அந்தப் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய கனவைப் பற்றித் தெரிந்த பலருக்கு இந்த 2 டாலர் தெரியாது.

இந்த மாதிரிக்கும் தோல்வி உண்டு. 1966இல் ராண்டால்ஃபும் அவருடைய தோழர் பேயார்ட் ரஸ்டினும் 'விடுதலை பட்ஜெட்' என்று ஒரு திட்டம் வைத்தார்கள். எல்லோருக்கும் வேலை, குறைந்தபட்ச வருமானம், வீடு, மருத்துவம். பொருளாதார வளர்ச்சியிலிருந்தே பணம் வந்துவிடும், ராணுவச் செலவில் கை வைக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டார்கள். வியட்நாம் போரைப் பற்றி வாய் திறக்காததால் இளைஞர்கள் விலகிப் போனார்கள். போர் பணத்தைத் தின்றது. காகிதத்தில் அவ்வளவு நன்றாக இருந்த திட்டம் நாடாளுமன்றத்தில் ஓரடி நகரவில்லை. 'பொதுவான பொருளாதாரக் கோரிக்கை வைத்தால் போதும், எல்லோரும் தானாகச் சேர்வார்கள்' என்று சொல்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இழப்பீடு பற்றிய சண்டையில் பாதி எண்ணை வைத்து நடக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பை எடுங்கள். வெள்ளைக் குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்திடம் 2,85,000 டாலர். கறுப்பின வரிசையின் நடுவில் நிற்பவரிடம் 44,900. இது ஒரு கணக்கு. எல்லாச் சொத்தையும் கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி வேறு. வெள்ளைக் குடும்பத்துக்குச் சுமார் 13.6 லட்சம், கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 2.1 லட்சம். நடுவில் நிற்பவருக்கும் சராசரிக்கும் ஏன் இத்தனை தூரம்? சொத்தெல்லாம் உச்சியில் குவிந்திருக்கிறது. சராசரி இடைவெளியில் முக்கால் பங்குக்கும் மேல் வெள்ளையரின் உச்சிப் பத்து சதவீதத்துக்கும் கறுப்பரின் உச்சிப் பத்து சதவீதத்துக்கும் இடையில் உள்ளது. கீழே இருக்கும் தொண்ணூறு சதவீதத்தையும் நாளைக்கே சமமாக்கினாலும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆகவே 'இடைவெளியை மூடு' என்பது பணக்காரக் கறுப்பருக்கும் பணக்கார வெள்ளையருக்கும் நடுவில் உள்ள வழக்கு என்கிறார் ரீட்.

வேடிக்கை என்னவென்றால், இழப்பீட்டை ஆதரிக்கும் பொருளாதார அறிஞர் வில்லியம் டாரிட்டியும் இதே உச்சிக் குவியலைத்தான் காட்டுகிறார். சொத்து அங்கேதான் இருக்கிறது, ஆகவே நடுவில் நிற்பவரை வைத்து அளந்தால் கடனைக் குறைத்துக் காட்டியதாகும், சராசரியை வைத்து அள என்கிறார். 2020இல் அவரும் கிர்ஸ்டன் மல்லனும் போட்ட கணக்கு 10 லட்சம் கோடி டாலருக்கும் மேல். ஒரே உண்மை, இரண்டு முடிவு. உங்கள் நண்பர்கள் அடுத்த முறை எண்ணை வீசினால் இது நடுவா சராசரியா என்று கேளுங்கள், பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

வகுக்கும் எண் மாறும் கதை இன்னொன்றும் உண்டு. 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்பவர்களையும் விட்டுவிட்டது. கறுப்பினத் தொழிலாளர்களில் சுமார் 65 சதவீதம் பேர் வெளியே நின்றார்கள். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்களை மொத்தமாக எண்ணினால் அதில் பெரும்பான்மை வெள்ளையர்கள். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னால் குத்தகை நிலத்தில் வதங்கிய வெள்ளை ஏழை மறைகிறார், இரண்டாவதை மட்டும் சொன்னால் கறுப்பர்கள் மேல் விழுந்த அடியின் கனம் மறைகிறது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இழப்பீடு நியாயமான கோரிக்கை, ஆனால் இன்றைக்கு அதைச் சுமக்க ராண்டால்ஃபின் சங்கம் போல ஒன்று இல்லை. 2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. இழப்பீடு நாடாளுமன்றத்தில் தேறாது, பிளவைத்தான் உண்டாக்கும் என்றார் போட்டியில் நின்ற இடதுசாரி பெர்னி சாண்டர்ஸ். வேறு எத்தனையோ தேறாத திட்டங்களை முழங்குபவர் இதற்கு மட்டும் ஏன் நடைமுறை பேசுகிறார் என்று கோட்ஸ் கேட்டார். நல்ல கேள்வி. அடுத்த மாதமே எதிர்ப் போட்டியாளர் ஹிலரி கிளிண்டன், பெரிய வங்கிகளை நாளைக்கே உடைத்தால் இனவெறி முடிந்துவிடுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுக் கைதட்டு வாங்கினார். வங்கிக்குக் கேடயமாக இனம் பயன்பட்ட இடம் அது. கோட்ஸ் தன் ஓட்டு சாண்டர்ஸுக்குத்தான் என்றார், ரீடும் வெஸ்டும் சாண்டர்ஸ் பக்கமே நின்றார்கள். மூவரும் ஒரே ஆளுக்கு. பிப்ரவரி 27 அன்று தெற்கு கரோலினாவில் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிளிண்டனுக்குப் போட்டார்கள். அங்கே ஓட்டைத் தீர்மானித்தது தேவாலயமும், உள்ளூர்த் தலைவர்களும், கிளிண்டன் குடும்பத்தோடு இருந்த பல வருடப் பழக்கமும். எந்தக் கட்டுரையும் அல்ல.

இப்போது சாதி. ஒப்பீடு புதிதல்ல. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு எழுதிய கடிதம். டு பாய்ஸ் அன்போடு பதில் போட்டார். சாதிக்கும் இனவெறிக்கும் உள்ள உறவு இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்வதை ஒரு கறுப்பின மார்க்சியரே 1948இல் கடுமையாக மறுத்தார். டிரினிடாடில் பிறந்த ஆலிவர் காக்ஸ். சாதி பழைய சமூகத்தின் ஒழுங்கு, இனவெறியோ கூலியை மலிவாக வைத்திருக்க முதலாளித்துவம் பெற்றுப்போட்ட பிள்ளை, இரண்டையும் குழப்பினால் முதலாளி தப்பித்துவிடுவான் என்பது அவர் வாதம். இனத்தைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சாதியைப் பற்றிச் சொன்னது புத்தகத்தில் படித்த சாதி. அதற்குள் இருப்பவர்கள் அதை ஏற்று அமைதியாக வாழ்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். 1924 வைக்கம் போராட்டமும் 1927இல் அம்பேத்கர் நடத்திய மகாடு போராட்டமும் அவர் படத்தில் இல்லை.

நண்பர்களிடம் காக்ஸைக் கொடுத்துப் பாருங்கள். 600 பக்கத்துக்கு மேல். அந்தச் சாதி அத்தியாயங்களைத் திருத்தி எழுதும் தகுதி ஈரோட்டில் இருப்பவருக்கு அவரைவிட அதிகம்.