பறங்கிப்பூவும் ஜெர்மன் சில்வரும்

வணக்கம் ஐயா,

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க தி.நகரில் ஜெர்மன் சில்வர் குங்குமச்சிமிழ் பார்த்தோம். இதில் வெள்ளி எவ்வளவு என்று கேட்டேன். “வெள்ளியே கிடையாது சார், ஜெர்மனியிலிருந்தும் வரலை” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து யோசித்தால் பறங்கிக்காய், சீனி, சீனச்சட்டி என்று நம் சமையலறை முழுக்கப் பிற நாட்டுப் பெயர்கள். இவற்றுக்கெல்லாம் நல்ல தமிழ்ப்பெயர் வைத்துவிட்டால் என்ன? அப்புறம், அந்தச் சிமிழை வாங்கலாமா?

— ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் சொன்னது சரி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. சீனர்கள் வெகுகாலம் முன்பே இந்தக் கலவையைச் செய்தார்கள். ஐரோப்பியர் அதை அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1820களில் ஜெர்மானியர் அதைப் போலவே செய்யக் கற்று விற்கத் தொடங்க, அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. நாட்டுப் பெயர் ஒட்டிய பொருட்கள் பலவற்றின் கதை இதுதான். எங்கே பிறந்தது என்பதைப் பெயர் சொல்லாது, யார் கையிலிருந்து வாங்கினோம் என்பதைச் சொல்லும்.

பறங்கிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் என்பது ஐரோப்பாவின் ஒரு பழைய இனத்தார் பெயர், பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அரபிகளும் பாரசீகர்களும் ஐரோப்பியர் எல்லோரையும் அந்தப் பெயரால் ‘ஃபரங்கி’ என்றார்கள். அது நம் வாயில் பறங்கி ஆகி, கப்பலேறி வந்த போர்ச்சுகீசியருக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் வீட்டுப் பக்கத்துப் பறங்கிமலைக்கும் அவர்களால்தான் அந்தப் பெயர். காய் பிறந்ததோ அமெரிக்கக் கண்டத்தில். இன்று மார்கழி விடியலில் மயிலாப்பூர் வாசலில், கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் அதன் பூவைச் செருகுகிறோம். எவ்வளவு தூரம் வந்து எவ்வளவு நெருக்கமாகிவிட்டது! இதற்கு மேல் அதற்கு எதற்கு இன்னொரு பெயர்?

சீனி இன்னும் அழகு. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் கலையில் இந்தியா முன்னோடி. நம் சர்க்கரைக்கு மூலமான ‘சர்க்கரா’ என்ற வடசொல்லே அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பா போய் சுகர் ஆனது. உலகத்துக்கே பெயர் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சர்க்கரைக்கு மட்டும் சீனாவின் பெயரை நாம் வைத்துக்கொண்டோம். சென்னையில் சர்க்கரை என்பதும் மதுரைப் பக்கம் சீனி என்பதும் அதே டப்பாவைத்தான்.

நம் பெயரும் பிறர் வீட்டில் இருக்கிறது. அரபிகள் புளியை ‘தமர் ஹிந்த்’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். ஆங்கிலத்தின் டாமரிண்ட் அதிலிருந்து வந்தது. ஆனால் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா! நாமும் அங்கே இடையில் கைமாற்றியவர்கள் மட்டும்தான்.

சில பெயர்களை நம் ஜனங்களே முழுசாகத் தமிழாக்கிவிடுவார்கள். பாரிமுனையில் ஆர்மீனியர்களின் தெரு, பேச்சு வழக்கில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது.

ஆகவே காய்கறியிலும் பாத்திரத்திலும் கை வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அந்தப் பெயர்களை அழித்தால் நமக்கும் பிறருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலின் தடமும் அழிந்துவிடும்.

நோய்ப் பெயர்களை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பால்வினை நோயொன்றைப் பறங்கிப்புண் என்றோம். அதே நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 1918இல் பரவிய கொள்ளைக்காய்ச்சலுக்கு ஸ்பெயினின் பெயர் விழுந்தது இன்னும் பெரிய அநியாயம். முதல் உலகப்போரில் போரிட்ட நாடுகள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் உள்ளதை எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் தலையில் பழி விழுந்தது. புதிய நோய்களுக்கு ஊர், நாட்டுப் பெயர்களை வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல்தான் வழிகாட்டியது. அதை நாம் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும், பேச்சிலும் கூட.

சிமிழை வாங்குங்கள், தாராளமாகக் கொடுங்கள். குங்குமத்துக்கு அது போதும். ஆனால் அதே உலோகத்தில் கிண்ணமோ தட்டோ எடுத்தால் புளிப்பான பண்டம் எதையும் அதில் வைக்காதீர்கள், செம்பும் நிக்கலும் அதில் இறங்கும். வாங்கிக்கொள்கிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.