பதில்: சனிக்கிழமை விருந்துக்குப் பின் எந்த ஒயின்?

ஃபின்லாந்தின் எஸ்போ நகரிலுள்ள வீட்டில் சால்மன் சூப்பும் புளூபெர்ரி பையும் பரிமாறியபின், அந்நாட்டுச் சக ஊழியர்களுடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எண்ணியிருக்கும் 14.5 சதவீதக் கனமான சிவப்பு ஒயினை விட்டுவிடுங்கள். சாப்பாடு முடிந்து மெதுவாகப் பேசும் வேளையில் அது நாக்கையும் தலையையும் விரைவில் களைப்படையச் செய்துவிடும்.

என் முதல் தேர்வு ஜெர்மனியின் மோசல் பகுதியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதிலும் லேசான இனிப்புள்ள காபினெட் வகை. பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதமே ஆல்கஹால் இருப்பதாலும், இனிப்பைப் புளிப்பு தாங்கிப் பிடிப்பதாலும், இரண்டாம் கோப்பையும் முதல் கோப்பையைப் போலவே தெளிவாக இருக்கும். சிவப்புதான் வேண்டுமென்றால் போஜோலே என்ற லேசான பிரெஞ்சுச் சிவப்பு ஒயினை அரைமணி நேரம் குளிரூட்டிக் கொடுங்கள். புளூபெர்ரி பைக்கு மொஸ்காடோ தாஸ்தி என்ற இனிப்பான இத்தாலிய ஒயின் மிக அருமை. அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஃபின்லாந்தில் 2024 முதல் 8 சதவீதம் வரையிலான ஒயினைச் சாதாரண மளிகைக் கடைகளிலேயே விற்கலாம் என்பதால் சூப்பர்மார்க்கெட்டிலும் தேடிப் பாருங்கள். மற்றவற்றுக்கு அரசின் ஆல்கோ கடைதான். அது சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

காபியையும் மறவாமல் வையுங்கள், அங்கே விருந்து அதில்லாமல் நிறைவடையாது. கார் ஓட்டி வருபவருக்கு ஆல்கஹால் இல்லாத ஒரு பாட்டிலும் இருக்கட்டும். பேச்சிடையே மௌனம் வந்தால் அதை நிரப்ப ஒயினை ஊற்ற வேண்டாம். ஃபின்லாந்துக்காரர்களுக்கு அந்த மௌனம் இயல்பானது.