கோவிட் தடுப்பூசி போட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்களே, அப்புறம் அதனால் என்ன பயன்?

உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறார் போலிருக்கிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் இலை போடுவதற்குள் என் அக்கா வீட்டுக்காரர் இதே கேள்வியை எடுத்துவிடுவார். "அத்தைக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அப்புறமும் ஆக்சிஜன் வைக்கத்தானே வேண்டியிருந்துச்சு?"

அந்த அத்தை என் அம்மா. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கோலாலம்பூர் செந்தூலில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். ஊசிக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: நான் விற்பது பிரேக் பேட்.

2021 ஆகஸ்ட். கோவிட்டின் டெல்டா வகை கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கைப் புரட்டி எடுத்த நேரம். மலேசியாவில் ஒரே நாளில் 24,000 பேருக்கு மேல் தொற்று வந்த மாதம் அது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. சினோவேக் என்ற சீன ஊசி இரண்டு டோஸும் போட்டிருந்தார். காய்ச்சல் விடவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் மெஷின் 91 விழுக்காடு காட்டியதும் அவசர எண் 999க்கு அடித்தோம்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் எங்கள் ப்ளாட் வாசல்வரை வர முடியவில்லை, டபுள் பார்க்கிங். ஒரு வெள்ளைக் காரை குறுக்கே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுப் போயிருந்தார் ஒரு புண்ணியவான். டேஷ்போர்டில் போன் நம்பர் எழுதிய அட்டை இருந்தது. வெயிலில் கடைசி இரண்டு எண்கள் வெளுத்துப்போயிருந்தன. தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு போட்ட இரண்டு பையன்கள் அம்மாவை சக்கர நாற்காலியில் வைத்து, இடுக்கில் நுழைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நிர்வாகக் குழுவில் இதை எத்தனை தடவை பேசியிருப்பேன்! இன்றைக்கும் வந்து பாருங்கள், அதே இடத்தில் வேறொரு கார் நிற்கும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவை கேட்டகரி 4 என்றார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலை. மூக்கில் குழாய் வைத்தார்கள், ஐசியூவுக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த அன்றே ரசத்தில் உப்பில்லை என்று குறை. ருசி இன்னும் திரும்பவில்லை என்று எடுத்துச் சொல்ல என் மனைவிக்குத் தைரியம் வரவில்லை.

ஊசி போடாமல் இருந்திருந்தால் அம்மா போயிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்குமே தெரியாது. அதே நியாயப்படி, அம்மா படுத்ததை வைத்து ஊசி வீண் என்றும் மச்சான் சொல்லக் கூடாது. ஒரு ஆளை வைத்து இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அக்டோபரில் நம் நாட்டில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தார்கள். இப்போது ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுங்கள். தொற்று வந்த 1,000 பேரில் 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்தால் 10 பேர். ஊசி அந்த ஆபத்தை 80 விழுக்காடு குறைக்கிறது என்றால் போட்டவர்களில் 100க்கு 2 பேர், அதாவது 18 பேர். வார்டுக்குள் எட்டிப் பார்த்தால் போட்டவர்கள்தான் அதிகம்! ஆனால் அந்த 900 பேரும் போடாமல் இருந்திருந்தால் 90 கட்டில் வேண்டும். வீட்டில் இருக்கும் மிச்ச 72 பேரை யாரும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியும் மச்சான் பாயசம்தான் கேட்டார்.

இது என் கற்பனைக் கணக்கு. நிஜ ஆய்வு வேண்டுமென்றால் சிலி நாட்டில் சினோவேக் பற்றி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள், 2021ல் வெளிவந்தது. நோய் வராமல் தடுப்பதில் சுமார் 66 விழுக்காடு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுப்பதில் சுமார் 87. அதே செப்டம்பரில் நம் சுகாதார அமைச்சு வெளியிட்ட ஆய்வில், ஃபைசர், சினோவேக், அஸ்ட்ராஜெனெகா என்ற மூன்று வகை ஊசிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐசியூவுக்குப் போகும் ஆபத்து 83 விழுக்காடும் மரணம் 88 விழுக்காடும் குறைந்திருந்தன. எண்களைக் கவனியுங்கள், நோய் முற்ற முற்ற ஊசிக்கு பலம் அதிகம். தொற்று மூக்கிலும் தொண்டையிலும் பிடிப்பதைத் தடுப்பது கஷ்டம். அது நுரையீரலுக்கு இறங்குவதற்குள் உடம்பு முந்திக்கொள்வதுதான் ஊசியின் வேலை. வயதானவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் அந்த முந்தல் மெதுவாகத்தான் வரும். அம்மா விஷயத்தில் அப்படி இருந்திருக்கலாம்.

பக்கவிளைவே இல்லையா என்று பாய்ந்து வராதீர்கள். உண்டு. ஃபைசர் மாதிரியான எம்ஆர்என்ஏ வகை ஊசியில் இளைஞர்களுக்கு, அபூர்வமாக, இருதயத் தசை வீக்கம் வந்தது நிஜம். பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறைவதும் நிஜம்; டெல்டாவுக்குப் பின் வந்த ஒமிக்ரான் வகைக்கு எதிராகத் தொற்றைத் தடுக்கும் பலம் வேகமாக இறங்கியது, ஆஸ்பத்திரியைத் தடுக்கும் பலம் மெதுவாக இறங்கியது. பூஸ்டர் எதற்கு என்பதற்கும் பதில் அதுதான்.

நீங்கள் உங்கள் அப்பாவுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அறுபது தாண்டியிருந்தால், கூடவே இனிப்பு நீரோ இருதயக் கோளாறோ இருந்தால், கடைசி ஊசி எப்போது என்று அரசாங்கத்தின் மைசெஜாத்ரா ஆப்பில் பார்த்துவிட்டு கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். சளிக்காய்ச்சல் ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள், அது வருடாவருடம் மாறும். மச்சானிடம் மட்டும் கேட்காதீர்கள். அவரும் இரண்டு ஊசி போட்டவர்தான், போடாவிட்டால் கடையில் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள் என்று அப்போது இருந்ததால்.