கரி எரிப்பது யார் கணக்கில்?

அன்புள்ள ஐயா,

எந்த நாட்டில் எவ்வளவு பழுப்பு நிலக்கரி (நெய்வேலியில் தோண்டும் லிக்னைட்) செலவாகிறது என்று ஒரு அட்டவணை பார்த்தேன். ‘வணிகம், பொதுச் சேவைகள்’ என்று தனிப் பத்தி இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, ஓட்டல் எல்லாம் அதில் அடக்கமாம். சேலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கரி எரித்து நான் பார்த்ததில்லை. நான் தங்கிய ஏற்காட்டு லாட்ஜில்கூட வெந்நீருக்கு கீசர்தான். அப்படியானால் இது நமக்குச் சம்பந்தமில்லாத கணக்குதானே?

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி விட்டுவிட முடியாது. அந்தக் கட்டடத்திலேயே அடுப்பிலோ கொதிகலனிலோ போட்டு எரித்த கரி மட்டும்தான் அந்தப் பத்தியில் வரும். நெய்வேலியில் எரிந்து மின்சாரமாக வருவது மின் உற்பத்திக் கணக்கில் போய்விடும். அந்த மின்சாரம் கலக்கும் மின் தொகுப்பிலிருந்துதான் ஏற்காட்டு கீசருக்கும் வருகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ரயிலில் வருவது வேறு, கறுப்பு நிலக்கரி. பழுப்புக் கரியை அவ்வளவு தூரம் கொண்டுவந்தால் கட்டுபடியாகாது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்தால் பொடிந்து உதிரும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால்தான் சுரங்கத்தை ஒட்டியே மின்நிலையம் கட்டுகிறார்கள்.

நேரடியாக எரிப்பது குளிர்நாடுகளில். கொசோவோவிலும் மங்கோலியாவிலும் கரியில் சூடேறும் பள்ளிக்கூடங்கள் உண்டு. கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கொதிகலன் அறை. மண்வெட்டியால் கரியை அள்ளிப் போடுவார்கள். சுடுதண்ணீர் குழாய் வழியாக வகுப்பறைச் சுவரோரம் ஓடும். என் கவலையெல்லாம் அதன் புகைபோக்கியைப் பற்றித்தான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நூறு மீட்டருக்கு மேல் நிற்கும், சாம்பலைப் பிடிக்கக் கருவியும் இருக்கும். பள்ளியிலோ கூரைக்குச் சற்று மேலே ஒரு குழாய், அவ்வளவுதான். கந்தகமும் சாம்பலும் விளையாட்டுத் திடலிலேயே இறங்கும். வீட்டு அடுப்புகளின் கரிப்புகை தாங்காமல்தான் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் 2019 மே மாதம் பதப்படுத்தாத கரிக்குத் தடை போட்டார்கள். டன் கணக்கில் சின்னதாகத் தெரிந்தாலும் பிள்ளைகளின் மூச்சுக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பத்திதான்.

அப்புறம், ஒரு நாட்டின் எண் இதில் இறங்கினால் கரியையே விட்டுவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பள்ளியின் கொதிகலனை மூடிவிட்டு, ஊர்ப் பொது அனல் நிலையத்திலிருந்து குழாயில் சுடுதண்ணீர் வாங்கத் தொடங்கியிருக்கலாம். செக் நாட்டில் அப்படிப்பட்ட நிலையங்கள் பலவற்றில் எரிவது அதே பழுப்புக் கரி. ஆனாலும் அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். திடலில் புகை குறைவது சின்ன விஷயமில்லை.

நீங்கள் அட்டவணையில் மின் உற்பத்தி, வெப்ப உற்பத்திப் பத்திகளையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவின் பழுப்புக் கரியில் பெரும்பங்கு மின் உற்பத்தியில்தான் இருக்கும்.