கிளிப் வைத்த மடக்குக் கத்தி: முனை மேலேயா, கீழேயா?

கேள்வி: அட்டைப்பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் கிளிப் வைத்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கப் போகிறேன். சிலவற்றில் கிளிப் மூட்டுப் பக்கம் இருக்கிறது, சிலவற்றில் வால் பக்கம். பேண்ட் பாக்கெட்டில் எப்படி வைத்துக்கொள்வது நல்லது? எனக்கு இடது கைப் பழக்கம்.

பதில்: கிளிப் மூட்டுப் பக்கம் இருந்தால் கத்தியின் முனை பாக்கெட்டின் அடியைப் பார்த்திருக்கும். வால் பக்கம் இருந்தால் முனை பாக்கெட்டின் வாயைப் பார்த்திருக்கும். என் கை பழகியது இந்த இரண்டாவது வகைக்குத்தான். கட்டைவிரலை உள்ளே விட்டு, மற்ற விரல்களைக் கிளிப்மேல் வைத்து இழுத்தால், பிடிக்க வேண்டிய வாகிலேயே கத்தி கைக்கு வந்துவிடும். முனை கீழே இருக்கும் கத்தியை எடுத்த பிறகு கைக்குள் ஒருமுறை திருப்ப வேண்டும். கையுறை போட்டிருந்தாலோ கை ஈரமாக இருந்தாலோ கத்தி நழுவுவது அப்போதுதான்.

ஆனால் முனை மேலே இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அலகு கொஞ்சம் திறந்துகொண்டால், சாவி எடுக்கப் போகும் விரல் நேராக முனையில்தான் போய்ப் படும். அதனால் வாங்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கத்தியை மடக்கி, கைப்பிடியை இறுகப் பிடித்து, அலகு வெளியே வரும் பக்கம் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை வெடுக்கென்று உதறுங்கள். விரல்கள் அலகின் வழியில் இருக்கக் கூடாது. லைனர் லாக் (திறந்த அலகைப் பூட்டும் தகடு கைப்பிடிக்குள் இருப்பது), ஃப்ரேம் லாக் (கைப்பிடியின் ஒரு பகுதியே பூட்டாவது) கத்திகளில் பூட்டுத் தகட்டிலுள்ள ஒரு சின்னக் குண்டு, அலகிலுள்ள குழியில் உட்கார்ந்து அதை மூடி வைத்திருக்கும். கைப்பிடியின் முதுகில் பூட்டு இருக்கும் பேக் லாக் வகையில் அந்த வேலையை ஸ்பிரிங் செய்யும். உதறலுக்கு அலகு எட்டிப் பார்த்தால் அந்தக் கத்தி வேண்டாம்.

அப்புறம், பாக்கெட்டின் பின்தையல். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மடக்கிய கத்தியில் அலகின் முதுகு கைப்பிடிக்கு வெளியே தெரியும் அல்லவா? அந்த முதுகு பின்தையலை ஒட்டி இருக்க வேண்டும். அப்போது அலகு திறக்கப் பார்த்தாலும் தையல் தடுத்துவிடும். பாக்கெட்டின் நடுவில் மாட்டினால் இந்தக் காவல் கிடையாது.

இடது கைக்காரரான உங்களுக்கு இது இன்னும் முக்கியம். வலது பாக்கெட்டுக்காகக் கிளிப் வைத்த கத்தியை அப்படியே இடது பாக்கெட்டில் மாட்டினால், முதுகு முன்பக்கம் திரும்பிவிடும், தையல் இருந்தும் பயனில்லை. ஆகவே, கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வசதி உள்ள கத்தியாகப் பாருங்கள். கைப்பிடியின் இரு பக்கமும் திருகு ஓட்டைகள் இருக்கும். கிளிப்பின் திருகுகளுக்குப் பெரும்பாலும் டி6 அளவு டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) போதும். திருகில் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி வைத்து முடுக்குங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் தளர்ந்து, ஒருநாள் கிளிப் மட்டும் பாக்கெட்டில் நிற்கும், கத்தி எங்கேயோ விழுந்திருக்கும்.

கேள்வி: என் கத்தியின் கைப்பிடி ஜி10. மாட்டி எடுத்து மாட்டி எடுத்து பாக்கெட் ஓரம் நார்நாராகப் பிரிந்துவிட்டது. கிளிப்பைத் தளர்த்தலாமா?

பதில்: வேண்டாம். நெளித்துத் தளர்த்திய கிளிப் பிறகு சரியாகப் பிடிக்காது. குற்றம் கிளிப்பில் இல்லை, அதன் அடியிலிருக்கும் சொரசொரப்பில். ஜி10 பிசின் ஊறிய கண்ணாடி இழை. துணிக்கு அது அரம் மாதிரி. எனக்கும் ஒரு நல்ல பேண்ட் இப்படித்தான் போயிற்று. கிளிப்பைக் கழற்றி, அது மூடும் இடத்தை மட்டும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மழமழப்பாக்கினேன். மற்ற இடத்தைத் தொடவில்லை, பிடி வழுக்கக் கூடாதே. தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: கத்தி முழுவதும் பாக்கெட்டுக்குள் மறையும் ‘டீப் கேரி’ கிளிப் நல்லதா?

பதில்: உட்கார்ந்து எழும்போது கத்தி மேலே நீட்டிக்கொண்டு இடிக்காது, அந்த மட்டில் நல்லது. ஆனால் பிடித்து இழுக்கக் கைப்பிடியின் நுனி கிடைக்காது. அடிக்கடி எடுத்து வைக்கும் வேலை என்றால் விரல் பிடிக்கிற அளவு வெளியே தெரியும் சாதாரண கிளிப்பே எனக்குச் சரி. உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு நீள அலகை அனுமதிக்கிறது, மறைத்து வைப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விமானப் பயணம் என்றால் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், பாக்கெட்டில் வேண்டாம்.